தெலுங்கில் உளறிய ஞாயிற்றுக்கிழமைகள்

விழித்திருக்கும்போது நான் தமிழ் வாத்தியார். திருத்தணியிலிருந்து தினமும் டவுன் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டைப் பக்கம் போய் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தூங்கிவிட்டால் தெலுங்கில் பேசுகிறேன் என்று என் மனைவி சொன்னபோது நான் நம்பவில்லை. பிறந்த வீட்டில் தெலுங்குதான். ஆனால் அவள் விழுப்புரத்துக்காரி; அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

“எழுப்பி இருக்கலாமே?” என்றேன்.

“தூக்கத்துல பேசறவங்கள எழுப்பினா ஏதாவது ஆயிடும்னு சொல்றாங்க. அதான் போன்ல பிடிச்சி வச்சிருக்கேன்.”

போட்டுக் காட்டச் சொன்னேன். மறுத்துவிட்டாள். “நீங்க கேட்டா மாத்திச் சொல்லுவீங்க. தூக்கத்துல வர்றதுதான் உண்மை.”

போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டு பாய் அரக்கோணம் சாலையில் பைக் மெக்கானிக். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். உருது, தமிழ், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவர். அரை மணி நேரம் கழித்து என் மனைவி முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

“பாவம், தனியா எல்லா வேலையும் செய்யறா, நாளையிலேர்ந்து பாத்திரம் நான் கழுவறேன்னு சொன்னீங்களாமே!”

மனதின் ஆழத்தில் இவ்வளவு நல்லவனா நான் என்று எனக்கே ஆச்சரியம். கழுவினேன். அடுத்த ஞாயிறு மதியத் தூக்கத்தில், மாமியாரைப் பத்து நாள் வந்து தங்கச் சொல்லி அழைத்திருக்கிறேன். அவரும் வந்து தங்கினார். அதற்கடுத்த ஞாயிறு, காலையில் பாகற்காயும் மற்ற காய்கறியும் வாங்கப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எவ்வளவு ஆழ்ந்த தூக்கமானாலும் நான் பாகற்காய் பற்றிப் பேசக்கூடியவன் அல்ல.

நாலாவது ஞாயிறு, சாப்பிட்டதும் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் லேசாக முனகிவிட்டுத் தெளிவாகச் சொன்னேன்: “பக்கிண்டி அக்கா பிரியாணிலோ உப்பு லேது.” பக்கத்து வீட்டு அக்கா பிரியாணியில் உப்பு இல்லை. திருட்டு மொழிபெயர்ப்பாளர் இதை எப்படிப் பெயர்க்கிறார் பார்க்கலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

மனைவி போனோடு போனாள். நான் சன்னலோரம் போய்க் காதை வைத்தேன். அக்கா இரண்டு முறை போட்டுக் கேட்டார்.

“இன்னா அக்கா சொல்றாரு?”

“ஆங்... தண்ணித் தொட்டி பாசி புடிச்சிப் போய்கீதாம். இன்னைக்கே கழுவுறாராம். நம்ம ஊட்டுத் தொட்டியையும் சேத்துக் கழுவுறேன்னு சொல்றாரு, பாவம்.”

இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் விழித்திருந்தேன் என்றாகிவிடும். நான்கு மணி வெயிலில் பிரஷ்ஷும் வாளியுமாக எங்கள் மாடித் தொட்டியை முடித்துவிட்டு அவர்கள் மாடிக்குப் போனேன். முழங்கால் வரை பாசித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது அக்கா டீ கொண்டுவந்து நீட்டினார்.

“குடி வாத்தியாரே. டீயில சர்க்கர சரியா கீதா?”

சிரித்துவிட்டேன். “மன்னிச்சுடுங்க அக்கா. ஆனா முதல் மூணு வாரம் நிஜமா என்ன சொன்னேன்?”

அவர் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். “உங்க நைனாகிட்ட கோள் சொல்லிகினு இருந்தே. மூணு வாட்டியும் அதேதான். ‘நைனா, நேனு தினலேது’ன்னு. நான் திங்கல, தம்பிதான் தின்னான்னு ஒரே அழுக. நரைச்ச மீசைய வச்சிகினு செத்துப்போன அப்பாகிட்ட அழுவுறான்னு உன் பொண்டாட்டிகிட்ட எப்பிடிச் சொல்றது? அது வருத்தப்படும். பாத்திரம் கழுவுறேன்னு சொன்னா சந்தோசப்படுமில்ல?”

எதைத் தின்றோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எது என்றாலும், தின்றது நான்தான். நைனாவிடம் நான் அப்படி அழுத வயதில் தம்பிக்குப் பல்லே முளைத்திருக்காது.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நான் தூங்குவதுபோல் நடித்தது அவளுக்கு முன்பே தெரியுமாம். “தூங்கும்போது உங்க வாய் திறந்தே இருக்கும். இன்னைக்கு மூடி இருந்துச்சு. தொட்டி கழுவற வரைக்கும் சும்மா இருப்போம்னு இருந்தேன்.” நைனா விஷயத்துக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

இப்போது அவள் பதிவு செய்வதில்லை. அக்காவிடம் போய் ஒரே ஒரு தெலுங்கு வாக்கியம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்: “சரேலே, படுக்கோ.” சரி விடு, படு. நான் முனக ஆரம்பித்தால் அதைச் சொல்கிறாளாம். உடனே அடங்கிவிடுகிறேனாம்.