தேத்தண்ணி குடித்தும் போகாத தூக்கம்

எனக்குப் பத்தொன்பது வயதில் வந்த தூக்கம் சாதாரணத் தூக்கம் இல்லை. உரலில் மா இடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டும்போது மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றியபடி தூங்கி, பாத்தி நிரம்பி வழிந்து அடுத்தவர் காணிக்குள் போய், வசவு கேட்டு விழித்திருக்கிறேன். இரவில் எட்டு மணிக்கே படுத்துவிடுவேன். அப்படியும் காலையில் எழும்பும்போதே அடுத்து எப்போது படுக்கலாம் என்றுதான் யோசிப்பேன்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் நாங்கள். அக்கராயனுக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய நாற்பது ஐம்பது குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எட்டாம் வகுப்புவரை படித்திருந்ததால் குடியிருப்புச் சங்கம் என்னைப் பாலர் பள்ளிக்கு ரீச்சராகப் போட்டது. மூன்று மாதம் பார்ப்பார்கள். அதன்பிறகு கிளிநொச்சியிலிருந்து மேற்பார்வை அம்மா ஒருவர் வந்து பார்த்து, சரி என்றால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நாள் முழுக்க மிளகாய்த் தோட்டம்தான். எனக்கு அந்த ஓலைக் கொட்டிலும் அந்த இருபது வாண்டுகளும் உயிராக இருந்தன. ஆனால் தூக்கம் அதையெல்லாம் பார்த்தா வரும்?

என் தூக்கத்துக்குக் காரணம் சொல்ல எங்கள் குடியிருப்பில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பாலை மரத்தடியில் எதையோ மிதித்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டு அக்கா கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். யாரையோ நினைத்துக்கொண்டு இரவில் விழித்திருக்கிறேன் என்று ஒரு கதை கிளம்பியது. அப்படி ஒருவன் இருந்திருந்தால் அவனுக்காகவாவது கொஞ்சம் விழித்திருந்திருப்பேன். அண்ணன் சுருக்கமாகச் சொன்னான், கொழுப்பு என்று. அவனோடு மூன்று நாள் பேசவில்லை.

அம்மாவிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான், தேத்தண்ணி. தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்ட மாமா அனுப்பும் தூளில், கரண்டி நிற்கும் அளவுக்குச் சாயம் இறக்குவாள். காலையில் ரொட்டியோடு ஒன்று, மத்தியானம் சோற்றுக்குப் பின்னால் ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. நான் கொட்டாவி விட்டால் நடுவிலும் ஒன்று. நான் தூங்கத் தூங்கச் சாயம் கறுத்துக்கொண்டே போனது, சாயம் கறுக்கக் கறுக்க நான் இன்னும் தூங்கினேன்.

பள்ளியில் வீட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளைச் சற்று நேரம் படுக்க வைப்பது வழக்கம். யாராவது தூங்கினால் மற்றவர்கள் வாயில் விரலை வைத்துச் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நான்தான் போட்டேன். ஒருநாள் நரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள், நரி கிணற்றடிக்கு வருமுன்பே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் இருபது பேரும் வாயில் விரலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி என் முகத்தில் ஈ உட்காராமல் ஓலையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். மகளைக் கூட்டிப்போக நேரத்தோடு வந்த தகப்பன் ஒருவர் வாசலில் நிற்கிறார். அவரையும் பிள்ளைகள் பேச விடவில்லை. வெட்கத்தில் செத்துப்போனேன்.

அவர் சங்கத்தில் சொல்லிவிட்டார். மேற்பார்வை அம்மா மாதக் கடைசியில் வருவதாக இருந்ததைத் தள்ளிவைத்து, அதற்கு அடுத்த மாதம் வரட்டும், அதற்குள் நீ சரியாகிவிடு என்றார்கள். மறுநாளே அம்மாவை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

டொக்டர் பாம்புக்கடிக்காரர் ஒருவரோடு இரவெல்லாம் விழித்திருந்தவராம். என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். நானும் விட்டேன். பிறகு கேள்வியாகக் கேட்டார். இரவில் குறட்டை விடுவேனா, மூச்சு அடைக்குமா, தும்மலுக்கோ சளிக்கோ குளிசை ஏதும் போடுகிறேனா, மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா, மனதில் கவலை உண்டா, காய்ச்சல் வந்து போனதா. மலேரியாவுக்கென்று விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார், அது இல்லை. கடைசியில் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

“செருப்புப் போடுறேல்லையோ, பிள்ளை?”

தோட்டத்துக்கு யார் செருப்புப் போடுவார்கள் என்றேன். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் கொக்கிப் புழு காலால் ஏறிக் குடலில் இருந்து இரத்தம் குடிக்கும் என்றார். எங்கள் குடியிருப்பில் அப்போது கக்கூசு கிடையாது, எல்லாம் தோட்ட ஓரத்துப் பற்றைக்காடுதான். மிச்சத்தை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டேன். உடம்பில் இரத்தம் குறைவு, அதுதான் தூக்கம். பூச்சிக் குளிசையும் இரும்புச் சத்துக் குளிசையும் தந்தார். முருங்கைக்கீரை, நெத்தலிக் கருவாடு, தேசிக்காய்ப் புளி சேர்க்கச் சொன்னார். பிறகுதான் குண்டைப் போட்டார்.

“சாப்பாட்டோட தேத்தண்ணி குடியாதேங்கோ. தேயிலை இரும்பை உடம்பில சேர விடாது. ஒரு ரெண்டு மணித்தியாலம் கழிச்சுக் குடியுங்கோ.”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளையும் சோதித்துப் பார்ப்போமா என்று அவர் கேட்டதற்கு, எனக்குத் தூக்கமே வராதுங்க என்று எழுந்துவிட்டாள். வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

“வயசு பூரா நான் கிள்ளுன கொழுந்து எம்புள்ளய கெடுக்குமா?”

எனக்கு மட்டும் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள். தான் பழையபடி ரொட்டியைச் சாயத்தில் தோய்த்தே தின்றாள். நான் ரப்பர் செருப்போடு மிளகாய்த் தோட்டத்தில் இறங்கியதும், துரைச்சாணி வர்றா என்று ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன். குளிசை தொடங்கிய மூன்றாவது வாரம், நரிக் கதையைத் தொடங்கி முடிவு வரை சொன்னேன். அந்தக் கதைக்கு அப்படி ஒரு முடிவு இருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

மேற்பார்வை அம்மா வந்த அன்று பிள்ளைகளுக்குப் பயறு அவித்துக் கொடுக்கும் முறை எங்கள் வீட்டுக்கு. அம்மா சட்டியோடு வந்தாள், கொடுத்து முடித்து, கொட்டில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்தாள். நான் எழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஒரு சத்தம் இல்லை. இருபது பேரும் வாயில் விரலை வைத்திருந்தார்கள்.

மேற்பார்வை அம்மா முன்னால் இருந்த சிறுமியிடம் ஏன் என்று கேட்டார். அவள் எக்கி இரகசியமாகச் சொன்னாள்.

“அம்மாச்சி தூங்குறாங்க. எங்க ரீச்சர் தூங்கும்போதும் நாங்க இப்படித்தான் இருப்போம்.”

வேலை போயிற்று என்று நினைத்தேன். மறைக்க முடியாது, மறைக்கவும் மனம் வரவில்லை. புழு, குளிசை, செருப்பு, தேத்தண்ணி, எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். பகலில் அவள் தூங்கி நான் கண்டதே இல்லை. உதடு வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் போய்க் குந்தி, டொக்டர் எனக்குச் செய்ததுபோல் கீழ் இமையை மெதுவாக இழுத்தேன். சோற்றுக் கஞ்சிபோல் வெள்ளை. எனக்கு இருந்ததைவிட மோசம்.

அம்மா திடுக்கிட்டு விழித்தாள்.

“நான் எங்கடி தூங்கினேன்? ஒக்காந்தாத்தானே எனக்குத் தூக்கம் வரும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தூக்கத்துக்கு ஊரே காரணம் தேடியது. இவளுடைய களைப்புக்கு, ஒரே வீட்டில் இருந்த நானே தேடவில்லை. என்னைப்போல விழுந்து தூங்கியிருந்தால் யாராவது கவனித்திருப்போம். அவள் உட்காரவே இல்லை.

மேற்பார்வை அம்மா கொப்பியை மூடினார். வந்ததிலிருந்து என்னைப் பிள்ளை என்றே கூப்பிட்டவர் அவர்.

“நாளைக்கு லீவு எடுங்கோ, ரீச்சர். அம்மாவ டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நாளையிண்டைக்கு நேரத்தோட பள்ளிக்கூடத்தைத் திறவுங்கோ.”

மறுநாள் டிஸ்பென்சரியிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவுக்கும் ஒரு சோடி செருப்பு வாங்கினேன். தேய்ந்துவிடும் என்று பாதி வழி அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போனவளைப் பிடித்துப் பாயில் படுக்க வைத்தேன். பட்டப்பகலில் என்னடி இது என்று முணுமுணுத்தாள். இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே படலையைத் திறந்தார். நான் வாசலுக்கு ஓடிப்போய் வாயில் விரலை வைத்தேன்.