படுத்திருப்பவரைத் தாண்டினால்

ஜெர்மனிக்கு வந்த புதிதில், நான் குடியிருந்த கட்டடத்தின் எல்லா வாசல்களிலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைந்தேன். குனிய வேண்டிய அவசியமே இல்லை. இங்கே நிலைகள் என் தலைக்கு மேலே இன்னும் ஒரு சாண் இடம் விட்டுத்தான் நிற்கின்றன. ஆனால் எங்கள் ஊரான மாரண்டஹள்ளியில் ஆறடிக்கு மேல் வளர்ந்த பெண்ணுக்கு, வாசலைக் கண்டால் கழுத்து தானாகவே மடங்கும். ஒரு வாரம் இதைக் கவனித்த கீழ்வீட்டு ஹெல்கா அம்மாள், உங்கள் மதத்தில் வாசலை வணங்குவார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இல்லை, தலை இடிக்கும் என்றேன். அவர் நிலையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், "இடிக்காது" என்றார். நான் ஏதோ பக்தியை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து என்னோடு சேர்ந்து நுழையும்போதெல்லாம் அவரும் மரியாதைக்கு ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார்.

இந்த உயரத்தால்தான் நான் இங்கே வந்தேன். ஊரில் இதே உயரம் ஒரு வியாதி மாதிரி பேசப்பட்டது. எட்டாம் வகுப்பில் அப்பாவைத் தாண்டிவிட்டேன். பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கு அவரோடு போனால், கூடையை இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எல்லோரையும்விட அதிகம் கவலைப்பட்டவர் அப்பாவின் அக்கா மாதம்மாள் அத்தைதான். பக்கத்து வீட்டில் குடியிருந்தாலும் எங்கள் வீட்டில்தான் நாள் முழுக்க இருப்பார். கவலைப்பட்டதோடு நிற்காமல் வைத்தியமும் பார்த்தார்.

அது என்ன வைத்தியம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படுத்திருப்பவரை யாராவது தாண்டினால், படுத்திருப்பவர் அதற்குமேல் வளரமாட்டார். தாண்டியவர் வந்த பக்கமே திரும்பித் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்காகத்தான் எழுதிவைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னை வேண்டுமென்றே தாண்டினார். கண்விழித்துப் பார்த்தால், அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நிற்கிறார்.

"அண்ணி, என்னங்க பண்றீங்க? பச்சப் புள்ளைய இப்பிடியா தாண்டுவீங்க? திரும்பித் தாண்டுங்க."

"மாட்டேன் போ. இவ இப்பிடியே போனா மாப்ளய எங்க போய்த் தேடறது? ஏணி வெச்சா தாலி கட்டுவான்?"

அத்தை கடைசிவரை திரும்பித் தாண்டவில்லை. நானும் வளர்வதை நிறுத்தவில்லை. அடுத்த தீபாவளிக்குள் இன்னும் வளர்ந்திருந்தேன். வைத்தியம் பலிக்காததில் அத்தைக்கு ரொம்ப வருத்தம்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் என்னைப் பார்த்த சேலத்துக் கல்லூரி ஒன்று, கூடைப்பந்து ஆடத் தெரியுமா என்று கேட்கக்கூட இல்லாமல் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொண்டது. ஆட்டத்தை அங்கேதான் படித்தேன். சிமெண்டுத் தரை, விழுந்தால் முட்டி போய்விடும். எங்கள் அணியில் எல்லோரும் கிராமத்துப் பெண்கள். எதிரணிப் பெண் விழுந்து கிடக்கும்போது அவசரத்தில் அவளைத் தாண்டி ஓடிவிட்டால், சந்தர்ப்பம் கிடைத்ததும் திரும்பி வந்து ஒருமுறை தாண்டிவிட்டுப் போவோம். விழுந்தவளும் அதுவரை எழாமல் காத்திருப்பாள். நடுவர்கள்கூட ஒன்றும் சொல்லமாட்டார்கள், அவர்களும் அதே வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே. உயரம்தான் சோறு போடும் ஆட்டத்தில் ஒருத்தியின் உயரத்தில் யார் விளையாடுவது?

படிப்பு முடியும்போது இரண்டு கதவுகள் திறந்தன. ஓர் அரசுத் துறையின் அணியில் ஆடிக்கொண்டே குமாஸ்தாவாக இருக்கலாம் என்று வேலை உத்தரவு வந்தது. அதே சமயம், நான் ஆடிய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்த ஓர் ஏஜெண்ட், ஜெர்மனியில் இரண்டாம் நிலை லீகில் ஆடும் ஒரு சிறிய ஊரின் அணிக்கு என்னைப் பரிந்துரைத்தார். அவர்கள் 'ப்ரோபட்ரெய்னிங்'குக்கு வரச் சொன்னார்கள். வந்து ஆடிக் காட்டு, பிடித்தால் ஒப்பந்தம், பிடிக்காவிட்டால் திரும்பிப் போ என்று அர்த்தம். அங்கே போனால் வேலையில் சேரவேண்டிய தேதி தவறிவிடும். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "அங்க வேண்டாம்னுட்டாங்கன்னா இங்கயும் ஒண்ணும் இருக்காது, யோசிச்சுக்க" என்றார். யோசித்தேன், பயமாகத்தான் இருந்தது. இருந்தும் விமானம் ஏறினேன்.

பயிற்சி நாட்கள் மோசமில்லை. முடிவு ஒரே ஆட்டத்தில் என்று கோச் டீட்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். பக்கத்து ஊர் அணியோடு ஒரு நட்பு ஆட்டம். எனக்கு எதிராக நின்ற சென்டர் ஆட்டக்காரி காத்ரின் என்பவள், என்னையே அண்ணாந்து பார்க்கவைத்த முதல் பெண். போர்டுக்குக் கீழே அவளோடு முட்டி மோதி, கூடையில் விழாமல் தெறித்துவரும் பந்துகளைப் பிடித்து நிறைய ரீபவுண்ட் எடுத்தேன். மூன்றாவது கால்பகுதியில், மேலே வந்த பந்துக்கு இருவரும் எகிறினோம். பந்து என் கையில் வந்தது, அவள் மல்லாக்க விழுந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய்ப் பந்தைக் கூடையில் போட்டேன். மரத்தரை போட்ட அந்த அரங்கமே கைதட்டியது. என் அணி எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. நானும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் காத்ரின் இன்னும் எழவில்லை. நான் திரும்பி வந்து, பொறுமையாக, அவள்மேல் கால் படாமல் பார்த்து, மறுபடியும் ஒருமுறை தாண்டினேன்.

நடுவர் விசில் ஊதினார். கைதட்டிய அதே ஜனங்கள் கூச்சலிட்டார்கள். தொழில்முறை ஆட்டத்தில் விழுந்து கிடப்பவரைத் தாண்டி நடப்பதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் அதைத் தேடி வந்து இரண்டாவது முறையும் செய்திருக்கிறேன். டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். கோச் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார், ஆட்டம் முடியும்வரை திரும்பக் கூப்பிடவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதேன். என் நினைப்பெல்லாம் தேதி தவறிப்போன அந்தக் குமாஸ்தா வேலையில்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கோச் வந்து எதிரே அமர்ந்தார். "ஒருமுறை என்றால் புரிகிறது. எதற்காக இரண்டு முறை?"

"திரும்பித் தாண்டாவிட்டால் அவள் வளரமாட்டாள்" என்றேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது இன்னும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

அவர் காத்ரின் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவளுக்கு முப்பது வயது. இனி வளரமாட்டாள்."

"தெரியும் சார்."

"பிறகு?"

துண்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன். காத்ரினிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கேட்டவள், கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அப்படியென்றால், தாண்டிவிட்டு அப்படியே போய்விட்டால் வளர்ச்சி நின்றுவிடுமா?"

"எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்."

"என் பதிமூன்றாவது வயதில் நீ வந்திருக்கலாம்" என்றாள். சிரித்தாள், ஆனால் அது முழுக்கச் சிரிப்பில்லை. இவளுக்கும் எங்கேயோ ஒரு மாதம்மாள் அத்தை இருந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து ஒப்பந்தம் வந்தது. நான் எடுத்த ரீபவுண்டுகளுக்காகத்தான் என்று கோச் சொன்னார். கையெழுத்துப் போடும்போது ஒரு நிபந்தனையும் வைத்தார்: விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடு. பழகிக்கொண்டேன். முதல் சீசனில் கால் தயங்கும். இரண்டாவது சீசனில் தயக்கம் போய்விட்டது, பெயர் பேப்பரில் வந்தது, மேல் லீகில் ஆடும் ஓர் அணி கூப்பிட்டது. வாசல்களில் குனிவதும் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஹெல்கா அம்மாள் மட்டும் இன்றைக்கும் குனிகிறார்.

புது அணியில் சேருமுன் போன கோடையில் ஊருக்குப் போனேன். போன அன்றே எங்கள் வீட்டு நிலையில் 'டங்'கென்று இடித்து நெற்றி வீங்கிவிட்டது. மாதம்மாள் அத்தை மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். "சொந்த வூட்டு வாசப்படி மறந்துபோச்சு பாரு இவளுக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அண்ணன் மகள் தன்யாவுக்குத்தான் ஒரே கொண்டாட்டம். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், வகுப்பில் குள்ளம். சுவரில் என் தலையிருக்கும் இடத்தில் கரிக்கோடு போட்டுவிட்டு, தினமும் அதன் கீழே போய் நின்று பார்ப்பாள்.

கிளம்புகிற நாள். ஓசூர் வழியாக பெங்களூரு விமான நிலையம் போக, கார் தெருவில் வந்து நின்றுவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால், வாசலில் குறுக்கே தன்யா படுத்திருக்கிறாள், இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு. நேரமாகிவிட்டது. தலையை மறக்காமல் குனிந்தேன். அவளைத் தாண்டி வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் காரைப் பார்த்து நடந்தேன்.

"அத்த, திரும்பித் தாண்டு. நானு உன்ன மாதிரி வளரணும்."

அப்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. தானாக நிற்க வேண்டிய கால் நிற்கவே இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாதம்மாள் அத்தை உள்ளேயிருந்து, "வுடு, வளந்து இவளும் ஊரவுட்டு ஓடறதுக்கா? நீ போ கண்ணு, கார்க்காரன் நிக்கறான்" என்றார்.

திரும்பி வந்தேன். திரும்பித் தாண்டினால் நான் வீட்டுக்குள் இருப்பேன். வெளியே போக மறுபடியும் தாண்ட வேண்டும், தாண்டினால் மறுபடியும் திரும்ப வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவள் வாசலில் படுத்திருக்கிறாள். டிரைவர் ஹாரன் அடித்தார். குனிந்து, ஒரு காலைத் தூக்கி அவளுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள்ளே வைத்தேன். மற்றது வெளியிலேயே நின்றது.

தன்யா கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "இன்னொரு காலு."