வெள்ளிக்கிழமைப் பேச்சு

எங்கள் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பேசுவார். சாமிக்கு முன்னால் உயர்ந்தவன் தாழ்ந்தவன் கிடையாது என்பதுதான் எப்போதும் பேச்சு. முக்கால் மணி நேரம் உருகி உருகிப் பேசி, கேட்பவர்களையும் கண்ணைத் துடைக்க வைத்துவிடுவார். அதே மனிதர், வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், பூர்வீகம் எந்தப் பக்கம் என்று நைசாக ஆரம்பித்து, மூன்றாவது கேள்விக்குள் வந்தவரின் ஜாதியைக் கறந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எதிர்த்துக் கேட்க வாய் வந்ததில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம், அதான் மெர்டேக்கா, கிடைத்த மறு வருஷம் அந்தப் பாழாய்ப்போன கேள்வி என் கல்யாணத்திலேயே வந்து நின்றது. டைப்ரைட்டிங் வகுப்பில் பழகிய ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவர் மலாக்கா செட்டி; பேரில்தான் செட்டி, அது ஜாதி இல்லை. மலாக்காவில் காஜா பெராங் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் சாமி பேரும் ஒன்றிரண்டு உறவுமுறையும்தான் மிச்சம்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா கத்தவில்லை. "நல்ல மனுஷங்கதான். ஆனா என்ன ஜாதின்னு அவங்களுக்கே மறந்துபோச்சேம்மா" என்றார், ஏதோ அவர்கள் செய்யக்கூடாததைச் செய்துவிட்ட மாதிரி. அதை மறப்பதுகூடவா குற்றம்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆசைப்பட்டவருடைய அம்மா சாரோங் கெபாயா உடுத்தி, வெற்றிலைத் தட்டோடு பெண் கேட்க வந்துவிட்டார். அப்பா மரியாதையாக நாற்காலி போட்டார். அப்புறம், யோசிப்போம், காலம் வரட்டும் என்று மலாயில் இழுத்து மழுப்பினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்தம்மா எழுந்திருக்கவில்லை. மலாயிலேயே கேட்டார்: "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி வரிசையில உட்கார்ந்து உங்க பேச்சைக் கேட்கிறேன். எல்லாரும் அழறாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அப்படி என்னதான் சொல்றீங்க?"

அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் சந்தை மலாய். மீன் வாங்கவும் லாரிக்காரரோடு சண்டை போடவும் போதும். உருகுவதற்கு அதில் வழியில்லை. கடைசியில், "நீ என்ன ஆளுன்னு சாமி கேட்கிறதில்ல" என்றார். அவ்வளவுதான். முக்கால் மணி நேரமும் அந்த ஒரே வரியில் முடிந்துவிட்டது. சொன்ன வேகத்தில் அவர் முகம் சுண்டிப்போனது.

"அவ்வளவுதானா?" என்று அந்தம்மா சிரித்தார். "அப்ப வழியெல்லாம் வீணாத்தான் பயந்துகிட்டு வந்தேன்."

வெகுளியாகக் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா சொல்லியனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். அந்தம்மாவும் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கோயிலுக்குப் போனார், ஆனால் பேசவில்லை. தொண்டை சரியில்லையாம். வீட்டில் எங்களை அதட்டும்போது மட்டும் அந்தத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும் பேசவில்லை. கோயிலில் ஆளாளுக்கு விசாரித்தார்கள். அந்தம்மாவுக்கும் இன்னும் எதுவும் சொல்லியனுப்பவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வேட்டி கட்டி, திருநீறு பூசிக் கிளம்பியவர் வாசலில் நின்றுவிட்டார். இன்றைக்காவது பேசுவீர்களா என்று அம்மா கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, அசடுதான் வழிந்தது. அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பேசணும்னா முதல்ல அவங்க வீட்டுக்குப் போய்ச் சம்மதம் சொல்லிட்டு வரணும்" என்றார். "உன் மாமியாரை எதிர்ல வச்சுகிட்டு இனிமே பொய் பேச முடியாதும்மா."