வீட்டுக்காரர் என்று கேட்டால்

சுமித்ராவுக்கு வாய் நீளம் என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கஹவத்தையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து தோட்ட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பட்டம். நான் ஆபீசுக்கு அடுத்த பிள்ளைக் காம்பராவில், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறவள். அவள் பேச்சை ஜன்னல் வழியாகத் தினமும் கேட்கிறேன். அவள் வாய் அளவாகத்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களுக்குப் பதிலாகத் தனி வீடு கட்டித் தருவதென்று முடிவானபோது, எந்த வீடு யார் பெயருக்கு என்ற விவரத்தை ஹெட் ஆபீஸ் கேட்டது. அதற்கு ஒரு டேட்டாபேஸும் வந்தது. கட்டங்களுக்கு மேலே ஓ.சி.சி. என்றும் எல்.என். என்றும் மொட்டை எழுத்துகள்.

"அதெல்லாம் மெஷினுக்கு வச்ச பேருக்கா. மனுசர் வாசிக்க வேற பேரு வைக்கலாம். அதுக்குத்தான் கெப்ஷன்னு சொல்றது" என்று சுமித்ரா எனக்கு விளக்கினாள்.

உள்ளே இருக்கும் பெயர் அப்படியே இருக்குமாம், திரையில் மட்டும் நம் பாஷை தெரியுமாம். சனங்கள் ஜன்னலடிக்கு வந்து தங்கள் விவரத்தைத் தாங்களே வாசித்துப் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழில் பெயர் வைத்தாள். ஓ.சி.சி. கட்டத்துக்கு மட்டும் பெரிய கிளாக்கர் அருமைநாயகம் ஐயா வார்த்தை சொன்னார்: வீட்டுக்காரர்.

யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் வீட்டுக்காரர் யார் என்று கேட்டால் எந்தப் பெண் தன் பெயரைச் சொல்வாள்? எல்லாரும் புருஷன் பெயரைச் சொன்னார்கள். வயதான சிலர் அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்தில் நின்றவளைச் சொல்லவிட்டார்கள்.

மருதாயியும் சொன்னாள். அவள் புருஷன் இருளப்பன் ரம்புக்கனையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். தோட்டத்துப் பக்கம் வந்தே பல வருஷம். கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்த்ததும் மருதாயி, காற்றில் பறந்த கூரைத் தகரத்தைத் திரும்பப் போட்டதும் மருதாயி. தன் பெயருக்கு வீடு வருகிறதாமே, வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று அவன் தகவல் அனுப்பிய பிறகுதான் அவள் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"தங்கச்சி, நான் எப்ப அவருக்கு வீட்டக் குடுத்தேன்?"

"நீங்கதானே அக்கா இருளப்பன்னு சொன்னீங்க."

"வீட்டுக்காரர் யாருன்னு கேட்டீங்க, சொன்னேன். வீடு யாரோடதுன்னு நீங்க கேக்கவே இல்லியே."

சுமித்ரா எழுந்து நேரே பெரிய கிளாக்கரிடம் போனாள்.

"ஐயா, இங்கிலீஷ்ல அவங்க கேட்டது குடியிருக்கிற ஆளோட பேர. நாமதான் தமிழ்ல புருஷன் பேரக் கேட்டிருக்கோம்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டார் ஐயா. "ரெண்டும் ஒண்ணுதானே. குடும்பத்துக்கு ஆம்பளதானே தலைவரு. லிஸ்ட் வெள்ளிக்கிழமை போவணும், அதுல கை வைக்காத."

ரெண்டும் ஒன்றாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியில் தூங்கிய பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சுமித்ரா கை வைத்தாள். உள்ளே அட்டவணையைத் திறந்து அந்த வார்த்தையை அழித்து வேறு எழுதினாள். வெளியே வந்து பார்த்தால் திரையில் பழைய வீட்டுக்காரரே உட்கார்ந்திருந்தார். முன்னமே செய்துவைத்த படிவத்துக்கு அது தானாகப் போய்ச் சேராதாம். அங்கேயும் தனியாக மாற்ற வேண்டுமாம். "சொன்னா எறங்குறாரா பாருங்க" என்று முணுமுணுத்தபடி அங்கேயும் மாற்றினாள். இப்போது கட்டத்துக்கு மேலே இப்படி இருந்தது: குடியிருப்பவர், அது நீங்களாகவும் இருக்கலாம்.

பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்த கையோடு எல்லாரையும் மறுபடி வரச் சொன்னாள். சிலர் யோசித்துவிட்டுப் புருஷன் பெயரையே சொன்னார்கள். அது அவர்கள் இஷ்டம். ரோசம்மா, புருஷன் பக்கத்தில் நிற்கும்போதே, தன் பெயரை உரக்கச் சொன்னாள். அவர் நேரே பெரிய கிளாக்கரிடம் போனார். ஐயா வேகமாக வந்தார்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"வாசிக்கிறவங்களக் கேட்டு மாத்துனேன் ஐயா."

"ஹெட் ஆபீஸ்ல கேட்டா ஒன் பேரத்தான் சொல்லுவேன். வேல போயிரும்."

"நானே சொல்லிட்டேன். எதுக்கு மாத்துனேன்னு மெயில் போட்டிருக்கேன், ஒங்களுக்கும் கொப்பி வந்திருக்கும். வேல போனா போகட்டும். பழைய வார்த்தைய நான் போட மாட்டேன்."

ஐயா வெளியே பார்த்தார். ஜன்னலில் நின்ற பெண்கள் ஒருத்தியும் நகரவில்லை. அவர் ஏதோ சிங்களத்தில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை இருளப்பன் வந்தான், தேய்த்த சட்டையும் வாசனையுமாக.

"வீட்டுக்காரன் நான் இருக்கேன். எம் பேருக்கே இருக்கட்டும்" என்றான் ஜன்னலில்.

சுமித்ரா வாயைத் திறப்பதற்குள், கொழுந்துப் பையோடு பின்னால் நின்ற மருதாயி முன்னே வந்தாள்.

"நீங்க வீட்டுக்காரர்தான். நான் எப்ப இல்லன்னேன்? வீடுதான் ஒங்களோடது இல்ல."

சுமித்ரா திரையை அவன் பக்கம் திருப்பினாள். குடியிருப்பவர் என்ற கட்டத்தில் மருதாயி என்று இருந்தது. அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் நின்ற என் பக்கம் திரும்பி, திரும்பிப் போக பெல்மதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

"இப்ப ஒண்ணு இருக்கு, ஓடுங்க" என்றேன்.