டெமோ அக்கா ஊற்றிய தண்ணீர்

மின்சாதனக் கடையின் நடுவில் நின்று மிக்ஸி, கெட்டில், வாக்யூம் கிளீனர் என்று பதினோரு வருடமாக ஓட்டிக் காட்டுகிறவளை எல்லோரும் டெமோ அக்கா என்றே கூப்பிடுவார்கள். எந்தச் சாதனத்தையும் தன் வீட்டில் ஒரு மாதம் படாத பாடு படுத்தாமல் அவள் வாய் திறந்து புகழ மாட்டாள்.

சமையல் கழிவை உலர்த்தி அரைக்கும் இயந்திரம் வந்தபோதும் அப்படித்தான். 'நாலே மணி நேரத்தில் உரம்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தோலும் மிச்சமும் நிறையப் போட்டால் ஒரு கைப்பிடித் தூள் வந்தது. அதில் குறையே இல்லை. தூளை நேரே ரோஜாத் தொட்டியில் தூவித் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் நாள் மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சை.

"ரோஜா கேட்டா பஞ்சு குடுக்குதே, பலே மிஷின்தான்!" என்றான் கணவன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. காஞ்சது வேற, மக்கினது வேற. இப்பத்தானே தெரியுது."

அடுத்த முறை தூளை மண்ணோடு கலந்து மூடி வைத்து, ஒரு மாதம் பொறுத்தாள். ரோஜா பிழைத்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கடைக்கு வந்தார். இருபது வீட்டுக்கு இருபது இயந்திரம் வேண்டுமாம். மேனேஜர் அவள் காதருகே குனிந்தார்.

"அக்கா, உங்க ஆராய்ச்சிய இன்னிக்கு மூட்டை கட்டி வெச்சிடுங்க. இது கைய விட்டுப் போச்சுன்னா, நாளைக்கு இந்த இடத்துல வேற ஆளு நிப்பாங்க."

செயலாளர் தூளை விரலில் எடுத்துப் பார்த்தார். "இத அப்படியே செடிக்குப் போடலாமாம்மா?"

'போடலாம்' என்பதுபோல் மேனேஜரின் தலை வேகமாக ஆடியது. டெமோ அக்கா கிண்ணத்தில் இரண்டு கரண்டி தூளைப் போட்டாள். கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றி அவர் மூக்கருகே நீட்டினாள். பழைய சாப்பாட்டு வாடை குப்பென்று எழுந்தது.

"ஈரம் இல்லாததால கழிவு மக்காம தூங்கிட்டிருந்துச்சு சார், அவ்வளவுதான். மண்ணுல கலந்து ஒரு மாசம் விட்டாத்தான் உரம். மிஷின்ல நாத்தத்த இழுக்குற வடிகட்டியையும் அப்பப்ப மாத்தணும். ஆனா குப்பை நாத்தமும் ஈயும் போகணும்னா, இது சொன்னபடி கேக்கும்."

செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கணக்குப் போட்டார். "உரத்துக்காகக் கேட்டவங்க எட்டு வீடு. அவங்களுக்குக் கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு உரக்குழி வெட்டிக் குடுத்துடுறேன். மீதிப் பேருக்குப் பன்னிரண்டு போடுங்க. எங்க கூட்டத்துக்கு வந்து இந்தத் தண்ணி வித்தைய ஒருதரம் காட்டணும், வருவீங்களா?"

"கண்டிப்பா."

அவர் போனதும் மேனேஜர் பெருமூச்சு விட்டார். "எட்டு போச்சேக்கா."

"எட்டு வீட்டுச் சண்டை போச்சுன்னு சொல்லுங்க சார். பில் போடுங்க."

மேனேஜர் பில் போட்டார்.