தோள் மூட்டில் மூன்று துளைகள்

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் போயிற்று. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்துகொண்டிருந்தேன். காலையில் பள்ளி மைதானத்தில் வாலிபால் ஆடுவேன். இரண்டும் நின்றுபோயின. மண்வெட்டியை ஓங்கினால் மூட்டுக்குள் மணல் அரைபடுவது போல நறநறவென்று சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும்.

தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் மனைவி என்னை அழைத்துப் போனாள். என்னைவிடச் சின்னவர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எப்போதாவது தோள் விலகியிருக்கிறதா என்று கேட்டார். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக, மனைவி உட்பட எல்லோரிடமும் சொல்லி வந்த பதில் அது. விழும்போது கை எப்படி இருந்தது, காட்டுங்கள் என்றார். கையை நீட்டினேன். அது பக்கவாட்டில் போகவில்லை. தன்பாட்டுக்குக் கீழே இறங்கி, விரல்கள் எதையோ பற்றியது போல மடங்கின.

டாக்டர் என் விரல்களைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். அதற்குமேல் பொய் வரவில்லை.

ஊர்ப் பையன்களெல்லாம் பாஸ்போர்ட்டும் கையுமாக ஏஜெண்டுகளின் பின்னால் அலைந்த காலத்தில் நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போனேன். என்னோடு கூத்தாநல்லூர்க்காரன் ஒருவன் இருந்தான். என் வயதுதான். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் வந்தவன். அறையில் என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது. ஒருநாள் மழைக்குப் பிறகு, கப்பலின் பக்கவாட்டில் கட்டியிருந்த சாரத்தில் நாங்கள் இருவர் மட்டும் பெயிண்ட் சுரண்டிக்கொண்டிருந்தோம். பலகை நகர்ந்தது. அவன் சரிந்தான். நான் குப்புற விழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பிடித்த வேகத்தில் என் தோளுக்குள் ஏதோ கழன்றது. கீழேயிருந்து ஆட்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை. என்னை அண்ணாந்து பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"விட்டுடாதடா."

கொஞ்ச நேரத்தில் என் கை மரத்துவிட்டது. நான் விட்டேனா, அதுவாக வழுக்கியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆட்கள் வந்து சேர்ந்தபோது என் கையில் ஒன்றுமில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்து அவன் மனைவியைப் பார்த்தேன். நான் தள்ளி நின்று வேலை செய்தேன், ஒரே நொடியில் முடிந்துவிட்டது, அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்றேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டார். அதன்பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. ஆனால் அவன் என்னோடு இருந்தான். தூக்கத்தில் கை கட்டிலுக்கு வெளியே தொங்கினால், யாரோ பிடித்துத் தொங்குகிற கனத்தில் விழித்துக்கொள்வேன். தோள் தேயத் தேய அந்தக் கனமும் கூடிக்கொண்டே வந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மூட்டைப் பற்றி மட்டும் பேசினார். முழு மூட்டையும் மாற்றிவிடலாம். ஆனால் வயலில் வேலை செய்கிற, பந்து ஆடுகிற கைக்குச் செயற்கை மூட்டு சீக்கிரம் தேய்ந்து தளர்ந்துவிடும். மேல்கை எலும்பின் உருண்டை முனைக்கு மட்டும் உலோக மூடி போடுகிற வழியும் உண்டு. அதற்கும் தோளைத் திறக்க வேண்டும். முதலில் மூன்று சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, உள்ளே கிடக்கிற எலும்புத் துணுக்குகளை எடுத்து, இறுகிப்போன சவ்வைத் தளர்த்திப் பார்க்கலாம் என்றார். தேய்ந்தது வளராது, ஆனால் சில வருடங்கள் கிடைக்கும். நான் அதற்குச் சம்மதித்தேன். 

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது என் மார்மேல் ஒரு கை கிடந்தது. கனமான, இளஞ்சூடான ஆண் கை. அது என்னுடையது இல்லை. இடது கையால் அதன் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டேன். கை மரத்துப்போகக் கழுத்தோரம் ஊசி போட்டிருக்கிறார்கள், நாளைக்குள் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் நான் விடவில்லை. விரல்களைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தானோ என்னவோ, தையல் பிரித்த அன்று மனைவி சொன்னாள்: "டாக்டர் பண்ண வேண்டியதப் பண்ணிட்டாரு. மிச்சத்த நீங்கதான் போய்ச் சொல்லணும்."

அடுத்த வாரம் இருவரும் கூத்தாநல்லூர் போனோம். அந்தப் பெண்ணுக்குத் தலை நரைத்திருந்தது. தையல் மிஷினை ஓரமாக நகர்த்திவிட்டு எங்களுக்கு நாற்காலி போட்டார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நான் விட்டேனா என்று எனக்கே தெரியாது என்பதையும் சொன்னேன்.

எவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஏதாவது பேசினாரா என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

அவர் அழவில்லை. முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டார்.

"இத்தன வருசமும் அவரு தனியா மவுத்தாயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேண்ணே. நீங்க பக்கத்துல இருந்திருக்கீங்க."

என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். மூச்சு லேசானது. டீ குடித்துவிட்டு எழுந்தபோது அவர் என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணும் தெரியாம போயிட்டாருங்குற ஆறுதலு இருந்துச்சு. இனிமே அந்த வார்த்ததான் காதுல கேட்டுக்கிட்டு இருக்கும்."

 மனைவிதான் அவர் கையைப் பிடித்து விடைபெற்றாள்.

தோள் நன்றாகவே தேறியது. நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு குறுவைக்கு வரப்பு வெட்டினேன். வாலிபாலில் ஓங்கி அடிக்க முடியாது, சர்வீஸ் போடுகிறேன். மூட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்ன சில வருடங்கள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. கட்டிலில் கனம் வந்து எழுப்புவதும் அபூர்வமாகிவிட்டது. அப்படி எழாத நாட்களில், அது இப்போது எந்த வீட்டில் யாரை எழுப்பிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வரும்.

போன தை மாதம் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கை தேவலையாண்ணே என்று கேட்டார். தேவலை என்றேன். தூக்கம் வருகிறதா என்று நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.