குச்சி அடுக்காத மூன்று நாட்கள்

எங்கள் முதலாளியின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர். அந்தப் புண்ணியத்தை மகன் வருஷம் தவறாமல் ஆகஸ்ட் பதினைந்தில் தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்தில் கொடியேற்றி அனுபவித்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். நான் அங்கே கணக்கப்பிள்ளை. முதலாளியின் சுதந்திர தினப் பேச்சை எழுதித் தருவதும் என் வேலைதான். அதற்காக எனக்கு ஒரு மிட்டாய் கூடுதலாகக் கிடைக்கும்.

பேச்சு வருஷத்துக்கு வருஷம் மாறாது. அந்நியத் துணிக்கடை வாசலில் அப்பா மறியல் செய்கிறார். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பாய். இரண்டு பேர் முதுகிலும் ஒரே தடி. பிறகு வெள்ளைக்கார அதிகாரி, பாயை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறோம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்கிறான். ஒருவரும் அசையவில்லை. கை ஓங்கவில்லை, ஏசவில்லை. அவரை விட்டால்தான் எழுந்திரிப்போம் என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இந்த இடத்தில் முதலாளிக்குத் தொண்டை அடைக்கும். எங்கே அடைக்க வேண்டும் என்று நான் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருப்பேன். குச்சி அடுக்கும் பெண்கள் வெயிலில் நின்று கேட்பார்கள். சும்மா கேட்பது மாதிரி நிற்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கோ ஒரு பெரிய ஊரில் குண்டு வெடித்தது. மறுநாளே முதலாளி என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு முஸ்லிம் பெண் உண்டு. புருஷன் இறந்துபோய், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாகக் குச்சி அடுக்கியவள். இந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"வே, அந்தப் பிள்ளைய இனிமே வரவேண்டாம்னு சொல்லிரும். மருந்து புழங்குத இடம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?"

பதினோரு வருஷத்தில் அவள் அந்த மருந்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது சேலையில் ஒட்டிய நாற்றம் மட்டும்தான். இதை முதலாளியிடம் சொல்லும் வீரம் இருந்திருந்தால் நான் ஏன் அடுத்தவருக்குப் பேச்சு எழுதிக்கொண்டிருக்கிறேன்? சாயங்காலம் அவளைக் கேட் பக்கம் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பெண்கள் சரியான நேரத்துக்கு வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். குச்சி அடுக்கும் மரச்சட்டத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் குச்சியைத் தொடவில்லை. குச்சிமுனையை முக்கி எடுக்கக் கலக்கி வைத்த மருந்து மத்தியானத்துக்குள் இறுகிக் கட்டியாகிவிட்டது. முதலாளி கத்தினார், கெஞ்சினார், டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் சும்மா உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, என்ன இது? யாரு ஒங்களுக்கு இதச் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான மொதலாளி வருசா வருசம் சொல்லுதீய. அவ வந்தாத்தான் எந்திரிப்போம்" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி.

அப்பா கதையைத் தூக்கி எதிரே வைத்துவிட்டதால் முதலாளியால் ஏசவும் முடியவில்லை. என்னைப் பார்த்து முறைத்தார். எழுதிக் கொடுத்த பாவி நான்தானே. நான் ஆபீஸ் ரூமுக்குள் போய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் புரட்டினேன்.

மூன்றாம் நாள், சரக்கு ஏற்ற வந்த லாரி காலியாக நின்று ஹாரன் அடித்தபோது முதலாளிக்கு மத நல்லிணக்கத்தில் திடீர் நம்பிக்கை பிறந்தது. "போய்க் கூட்டியாரும்வே" என்று என்னைச் சைக்கிளில் விரட்டினார்.

அவள் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கொஞ்சம் மெருகேற்றி, நானும் கூட நின்று ஜெயித்த மாதிரிதான் சொன்னேன். கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாவளும் எனக்காவ மூணு நாளா தரையில உக்காந்திருந்தாளுவளாம், கேள்விப்பட்டேன். நீங்க எங்கன அண்ணாச்சி உக்காந்திருந்திய?"

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"நாற்காலியிலதாம்மா" என்றேன்.